பணம் வந்தால் நிம்மதி வருமா?

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் ஆலைக்குக் கரும்பு போடும் சிறு விவசாயிக்கு மாதச் சம்பளம் கிடையாது. வெட்டு முடிந்து, வண்டி ஆலைக்குப் போய், எடை போட்டு, கணக்கு முடிந்த பிறகு வருஷத்துக்கு ஒரு முறை மொத்தமாகப் பணம் வரும். அந்தப் பணத்தில் கடனை அடைத்து, அடகில் கிடக்கும் நகையை மீட்டு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டினால் மிச்சத்தில் சில மாதம் ஓடும். பிறகு கை வறண்டுவிடும். அடுத்த வெட்டு வரும்வரை கைமாற்றும் அடகும்தான் வீட்டை நடத்தும்.

ஆள் அதே ஆள். வீடு, படிப்பு, குணம் எதுவும் மாறவில்லை. ஆனால் வருஷத்தில் சில மாதம் அவர் கையில் காசுள்ளவர், சில மாதம் இல்லாதவர். பணம் மனத்தை என்ன செய்கிறது என்று அறிய நினைப்பவர்களுக்கு இது அரிய வாய்ப்பு. பணக்காரர் ஒருவரையும் ஏழை ஒருவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எதுவும் பிடிபடாது. வளர்ந்த வீடு, படித்த பள்ளி, உடல்நலம், சாதி, ஊர் என்று அவர்களுக்குள் எல்லாமே வேறுபடும். எது பணத்தால் வந்தது, எது மற்றதால் வந்தது என்று பிரிக்கவே முடியாது. கரும்பு விவசாயியை அவரோடே ஒப்பிடும்போது அந்தக் குழப்பம் பெரும்பாலும் போய்விடுகிறது.

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷஃபீர், ஜியாயிங் ஷாவ் ஆகிய நான்கு ஆய்வாளர்கள் இதைத்தான் செய்தார்கள். 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை வெட்டுக்கு முன்பு ஒரு முறையும் பணம் வந்த பிறகு ஒரு முறையும் சந்தித்தார்கள். முடிவுகள் 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தன. யாருடைய கரும்பு எப்போது வெட்டப்பட வேண்டும் என்பதை ஆலைதான் முறை வைத்துத் தீர்மானிக்கிறது. அதனால் ஒரே ஊரில், ஒரே மாதத்தில் ஒருவருக்குப் பணம் வந்திருக்கும், அடுத்தவர் இன்னும் காத்திருப்பார். மழை, வெயில், பண்டிகை ஆகியவற்றின் பாதிப்பைப் பணத்தின் பாதிப்போடு போட்டுக் குழப்பாமல் இருக்க இந்த முறையே உதவியது.

முதலில் நிலைமையைப் பார்ப்போம். வெட்டுக்கு முன் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தவர்கள் 78 சதவீதம். பணம் வந்த பிறகு 4 சதவீதம். வெட்டுக்கு முன் கிட்டத்தட்ட எல்லோருக்குமே கடன் இருந்தது.

இரண்டு சோதனைகள் வைத்தார்கள். ஒன்றில் வடிவங்கள் வரிசையாக இருக்கும், ஒரு துண்டு மட்டும் காணாது. அந்த இடத்தில் எது பொருந்தும் என்று சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, புதிதாக யோசிக்கத் தெரிந்தால் போதும். மற்றதில் ‘5 5 5’ என்று காட்டினால், எத்தனை எண்கள் இருக்கின்றன என்று எண்ணி ‘மூன்று’ என்று சொல்ல வேண்டும். வாய்க்கு வரும் ‘ஐந்து’ என்ற பதிலை அடக்கிக்கொண்டு சரியானதைச் சொல்லும் நிதானத்தை இது அளக்கிறது. வெட்டுக்கு முன் முதல் சோதனையில் 10 கேள்விக்குச் சராசரியாக 4.35 சரியான விடைகள் வந்தன. பணம் வந்த பிறகு அதே ஆட்கள் 5.45 எடுத்தார்கள். இரண்டாவது சோதனையை முடிக்க முன்பு 146 வினாடி ஆனது, பின்பு 131. தவறுகளும் குறைந்தன.

இரண்டாவது தடவை என்பதால் பழகிப்போய்ச் செய்திருப்பார்களோ? அந்தச் சந்தேகம் அவர்களுக்கும் வந்தது. அதற்காகவே 100 விவசாயிகளை, பணம் வந்த பிறகு மட்டும் முதன்முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். அவர்களும் வெட்டுக்கு முன் சோதிக்கப்பட்டவர்களைவிட நன்றாகவே செய்தார்கள். அரைவயிற்றுச் சாப்பாடு, உடல் களைப்பு போன்ற காரணங்களையும் பார்த்தார்கள். அவற்றால் இந்த வித்தியாசத்தை விளக்க முடியவில்லை.

மிஞ்சுவது ஒரே விளக்கம். வெட்டுக்கு முந்தைய மாதங்களில் அந்த மனிதரின் மனம் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. வட்டி எப்போது கட்டுவது, யாரிடம் போய்க் கேட்பது, கடைக்காரர் இன்னும் எத்தனை நாள் பொறுப்பார் என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. மிச்சமிருக்கும் மனத்தைக் கொண்டுதான் அவர் மற்ற எல்லாவற்றையும் செய்ய வேண்டும். வறுமையின் பாரத்தால் வரும் இந்த மங்கலை, ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் இருந்தால் வரும் மங்கலோடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். வள்ளுவர் நல்குரவைப் பற்றிப் பாடும் அதிகாரத்தில், நெருப்பின் நடுவேகூட உறங்கிவிடலாம், வறுமையில் கண்மூடுவது அரிது என்ற பொருளில் ஒரு குறள் வைத்திருக்கிறார். அளந்து பார்க்கக் கருவியில்லாத காலத்திலேயே அவர் கைவைத்த இடம் இதுதான்.

ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கும் 408 தொழிலாளர்களிடம் இன்னொரு ஆய்வு நடந்தது. வேலையில்லாத பஞ்ச மாதங்களில் தட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசி வேலை கொடுத்தார்கள். எல்லோருக்கும் சேர வேண்டிய கூலி ஒன்றுதான். சிலருக்கு மட்டும் அதில் ஒரு பகுதி முன்கூட்டியே கையில் கொடுக்கப்பட்டது. வாங்கிய கையோடு பலரும் கடனை அடைத்தார்கள். மறுநாளிலிருந்து அவர்கள் தைத்த தட்டுகளின் எண்ணிக்கை சராசரியாக 7 சதவீதம் கூடியது, தைப்பதில் கவனப் பிசகும் குறைந்தது. கூலி உயரவில்லை, வந்து சேர்ந்த நாள்தான் மாறியது.

இதைப் படித்தபோது எனக்கு ஆலைகளின் நிலுவைதான் நினைவுக்கு வந்தது. கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டியும் சேர்த்துத் தர வேண்டும் என்று 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. இருந்தும் நிலுவைக்காகத் தமிழ்நாட்டு விவசாயிகள் தெருவுக்கு வந்து போராடுவது வழக்கமாகிவிட்டது. தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் அந்த வீட்டுக்காரர் தெளிவாக யோசிக்கக்கூடிய ஒரு வாரத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகிறது. இதற்கு எந்த வட்டிக் கணக்கிலும் பத்தி கிடையாது.

அதனால்தான், பணத்தால் மகிழ்ச்சியை வாங்க முடியாது என்று யாராவது பொதுவாகச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. யாரிடம் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து அது அறிவுரையாகவும் இருக்கலாம், கொடுமையாகவும் இருக்கலாம்.

75,000 டாலரின் கதை

பணத்துக்கும் மகிழ்ச்சிக்கும் உள்ள உறவை எண்களில் சொல்ல முயன்றவர்களில் அதிகம் பேசப்பட்டவர்கள் டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும். இருவருமே பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்கள். கானமன் 2002இல், டீட்டன் 2015இல். 2010இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை, அமெரிக்காவில் தினமும் 1,000 பேரிடம் கேட்டுச் சேர்த்த நாலரை லட்சம் பதில்களை வைத்து எழுதப்பட்டது.

மகிழ்ச்சி என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதை அவர்கள் இரண்டாகப் பிரித்துக் கேட்டார்கள். நேற்று சிரித்தீர்களா, கவலைப்பட்டீர்களா, சோகமாக இருந்தீர்களா என்பது ஒரு வகைக் கேள்வி. பூஜ்யத்திலிருந்து பத்து வரை படிகள் உள்ள ஓர் ஏணியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், உங்களால் வாழ முடிந்த மிகச் சிறந்த வாழ்க்கை உச்சியில் இருக்கிறது என்றால் நீங்கள் இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பது இன்னொரு வகை. முதலாவது அன்றாட மனநிலையைக் கேட்கிறது. இரண்டாவது, சற்று விலகி நின்று மொத்த வாழ்க்கைக்கு மதிப்பெண் போடச் சொல்கிறது.

ஏணிக் கேள்வியில் விடை சிக்கலில்லாமல் வந்தது. வருமானம் ஏற ஏற, மக்கள் தங்களை மேல்படியில் வைத்துக்கொண்டார்கள். அன்றாட மனநிலையில்தான் வேறு மாதிரி வந்தது. ஆண்டு வருமானம் சுமார் 75,000 டாலர் வரை மனநிலை ஏறியது, அதற்குமேல் கோடு படுத்துவிட்டது. உலகம் முழுக்கப் பத்திரிகைகள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டன. இவ்வளவு சம்பாதித்தால் போதும், அதற்குமேல் வீண் என்று அது பரவியது. அந்த எண்ணை ரூபாயாக மாற்றிப் பார்த்துப் பயனில்லை. அங்குள்ள வாடகையும் மருத்துவச் செலவும் வேறு.

2021இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர் இதை மறுத்தார். நேற்று எப்படி இருந்தீர்கள் என்று கேட்டால் மக்கள் ஞாபகத்திலிருந்து பதில் சொல்வார்கள் என்பதால், கைபேசிச் செயலி மூலம் திடீர் திடீரென்று அழைத்து, இந்த நொடி எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். வேலைக்குப் போகும் 33,391 அமெரிக்கர்களிடமிருந்து 17 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. கோடு 75,000இல் படுக்கவே இல்லை. மேலே போய்க்கொண்டே இருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மறுக்கப்பட்ட கானமனுக்கு அப்போது 85 வயதுக்கு மேல். கில்லிங்ஸ்வொர்த்தோடு சண்டைக்குப் போகவில்லை. இருவரும் சேர்ந்து, பார்பரா மெல்லர்ஸ் என்ற மூன்றாவது ஆய்வாளரை நடுவராக வைத்துக்கொண்டு, யார் எங்கே தவறினோம் என்று தேடினார்கள். 2023இல் மூவரும் சேர்ந்தே எழுதினார்கள். கானமன் அடுத்த ஆண்டு மார்ச்சில் காலமானார்.

அவர்கள் கண்டது இது. பழைய ஆய்வின் கேள்விகளுக்கு ஆம், இல்லை என்றுதான் பதில் சொல்ல முடியும். நேற்று சிரித்தீர்களா என்றால் பெரும்பாலோர் ஆம் என்றே சொல்லிவிடுவார்கள். அதனால் அந்தக் கேள்விகள் மகிழ்ச்சியின் ஏற்றத்தைச் சரியாகக் காட்டவில்லை. துயரத்தின் இறக்கத்தைத்தான் காட்டின. எல்லோரையும் சேர்த்துப் பார்க்காமல், மனநிலை மோசமாக இருக்கும் அடிமட்ட 20 சதவீதத்தினரைத் தனியாகப் பிரித்துப் பார்த்ததும் பழைய வடிவம் திரும்பக் கிடைத்தது. அவர்களுடைய துயரம் வருமானம் கூடக் கூடக் குறைந்துகொண்டே வந்து, ஒரு லட்சம் டாலர் அளவில் நின்றுவிட்டது. மற்ற பெரும்பாலோருக்கு மகிழ்ச்சி அதன்பிறகும் ஏறியது. ஏற்கெனவே மகிழ்ச்சியாக இருந்த மேல்தட்டு 30 சதவீதத்தினருக்கு அந்த அளவுக்குப் பிறகு ஏற்றம் இன்னும் வேகமெடுத்தது.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? பணமில்லாததால் வரும் துயரம் ஒரு வகை. அது பணம் வந்தால் தீரும். ஒரு கட்டத்தில் அப்படித் தீரக்கூடியதெல்லாம் தீர்ந்திருக்கும். அதற்குப் பிறகும் ஒருவர் துயரத்தில் இருந்தால் காரணம் பெரும்பாலும் இழப்பு, பிரிவு, மனச்சோர்வு நோய் போன்றவை. அங்கே இன்னும் ஒரு லட்சம் சேர்த்தாலும் அந்த இடத்தை அது தொடாது.

ஆனால் பழைய ஆய்வில் இருந்த இன்னொரு முடிவை யாரும் அதிகம் எடுத்துச் சொல்லவில்லை. நோய், விவாகரத்து, தனிமை போன்ற துன்பங்கள் பணம் குறைந்தவர்களை இன்னும் ஆழமாகத் தாக்குகின்றன என்று கானமனும் டீட்டனும் காட்டியிருந்தார்கள். நம் ஊரில் இதற்கு ஆய்வு தேவைப்படாது. வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதானால், வசதியுள்ள குடும்பம் நோயாளியைப் பற்றிக் கவலைப்படும். வசதியில்லாத குடும்பம் நோயாளியைப் பற்றியும், மருத்துவமனைக்குப் போய்வரும் பஸ் காசைப் பற்றியும், கூடத் துணைக்கு இருப்பவர் இழந்த கூலியைப் பற்றியும் கவலைப்படும். நோய் ஒன்றுதான். மேலே ஏறும் சுமை வேறு வேறு.

அதே 2023 கட்டுரை இன்னொன்றையும் சொல்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. ஆண்டுக்கு 15,000 டாலர் வாங்கும் வீட்டுக்கும் 2,50,000 டாலர் வாங்கும் வீட்டுக்கும் நடுவே மகிழ்ச்சியில் உள்ள வித்தியாசம், நூற்றுக்கு ஏறத்தாழ 5 புள்ளிதான். வருமானம் நான்கு மடங்கு ஆவதால் கிடைக்கும் கூடுதல் மகிழ்ச்சி, சனி ஞாயிறு வந்தால் கிடைக்கும் கூடுதலுக்கு ஏறத்தாழ சமம். தலைவலி வந்தால் குறைவதில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பணம் உதவுகிறது, உண்மை. வேறு பல விஷயங்கள் அதைவிடப் பெரிதாக உதவுகின்றன, கெடுக்கின்றன என்பதும் உண்மை.

ஆயிரம் ரூபாயின் எடை

வருமானத்தையும் மகிழ்ச்சியையும் ஒப்பிட்ட மேற்சொன்ன அமெரிக்க ஆய்வுகளில் பொதுவாக ஓடும் விதி ஒன்று உண்டு. மகிழ்ச்சி ரூபாய்க் கணக்கில் ஏறுவதில்லை, மடங்குக் கணக்கில் ஏறுகிறது. மாதம் 10,000 வாங்குபவர் 20,000 வாங்கத் தொடங்கினால் எவ்வளவு ஏறுமோ, 1 லட்சம் வாங்குபவருக்கு அதே அளவு ஏற 2 லட்சம் தேவை. முதலாமவருக்குப் பத்தாயிரத்தில் முடிந்த வேலைக்கு இரண்டாமவருக்கு ஒரு லட்சம் செலவாகிறது.

ஆயிரம் ரூபாயை எடுத்துக்கொள்வோம். 10,000 ரூபாயில் நடக்கும் வீட்டுக்கு அது பத்தில் ஒரு பங்கு. 5 லட்சம் வரும் வீட்டுக்கு ஐந்நூறில் ஒரு பங்கு. 2023 செப்டம்பர் 15 முதல் தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மகளிர் உரிமைத்தொகையாக மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படத் தொடங்கியபோது, ஆயிரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்டவர்களில் பலர் அதைத் தங்கள் சம்பளத்தின் பங்காகப் பார்த்தவர்கள். கேஸ் சிலிண்டரும் குழுக் கடன் தவணையும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும் வீட்டில் அந்த ஆயிரத்தின் எடை வேறு.

கென்யாவின் ரரியெடா பகுதியில் ஏழைக் குடும்பங்களுக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் நேரடியாகப் பணம் கொடுத்துப் பார்த்தார்கள். அதன் முடிவுகள் 2016இல் வந்தன. பணம் பெற்றவர்கள் அதைக் குடியிலும் புகையிலையிலும் தொலைக்கவில்லை. சாப்பாடு மேம்பட்டது, வீட்டுக்குத் தகரக் கூரை வந்தது, ஆடு மாடு வந்தது. கூடவே மகிழ்ச்சியும் வாழ்க்கைத் திருப்தியும் உயர்ந்தன, மன உளைச்சல் குறைந்தது. பணம் எங்கே மிகவும் தேவையோ அங்கே அது கொடுக்கும் நிம்மதியும் மிகுதி.

லாட்டரியைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். பரிசு விழுந்தவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இல்லை என்ற செய்தியை நீங்கள் எங்காவது படித்திருப்பீர்கள். 1978இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த ஆய்வு அதற்கு மூலம். அதில் இருந்த வெற்றியாளர்கள் 22 பேர்தான். அவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஸ்வீடனில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, பரிசு விழுந்து 5 முதல் 22 ஆண்டுகள் கழித்துச் சந்தித்து நடத்திய பெரிய ஆய்வு 2020இல் வெளிவந்தது. பெரிய பரிசு பெற்றவர்களின் வாழ்க்கைத் திருப்தி பத்தாண்டுக்குப் பிறகும் உயர்ந்தே இருந்தது. அன்றாட மகிழ்ச்சியிலும் மனநலத்திலும் ஏற்றம் அதைவிடச் சிறியது. ஏணிக் கேள்வியும் நேற்றைய மனநிலைக் கேள்வியும் இங்கும் அதே போலப் பிரிகின்றன. பரிசு விழுந்தவன் உருப்பட மாட்டான் என்பது நாம் நம்ப விரும்பும் கதை, அவ்வளவுதான். சீட்டு வாங்கிச் சீரழிந்த குடும்பங்களின் கதை வேறு. அங்கே பெரும்பாலோருக்குப் பரிசே விழுவதில்லை.

பக்கத்து வீட்டு வருமானம்

நார்வே நாட்டில் யார் எவ்வளவு சம்பாதித்தார்கள், எவ்வளவு வரி கட்டினார்கள் என்பது நெடுங்காலமாகப் பொதுத் தகவல். ஆனால் அதைப் பார்க்க வேண்டுமென்றால் அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். 2001இல் அந்தப் பட்டியல் இணையத்தில் வந்தது. வீட்டிலிருந்தபடியே அண்ணன், மச்சான், கூட வேலை செய்பவர், எதிர்வீட்டுக்காரர் என்று யாருடைய வருமானத்தையும் தேடிப் பார்க்க முடிந்தது. மக்கள் தேடித் தேடிப் பார்த்தார்கள்.

ரிக்கார்டோ பெரெஸ்-ட்ரூக்லியா என்ற பொருளாதார அறிஞர், அதற்கு முன்னும் பின்னும் நார்வே மக்களிடம் எடுக்கப்பட்ட மகிழ்ச்சிக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டார். பட்டியல் இணையத்துக்கு வந்த பிறகு, வருமானம் அதிகம் உள்ளவர்களுக்கும் குறைவாக உள்ளவர்களுக்கும் இடையே மகிழ்ச்சியில் இருந்த இடைவெளி 29 சதவீதம் விரிந்திருந்தது. சட்டைப் பையில் இருந்த காசு மாறவில்லை. தான் எந்த வரிசையில் நிற்கிறோம் என்பது மட்டும் தெரிந்துபோனது. 2014இல், யார் தன்னைத் தேடினார் என்பதைத் தேடப்பட்டவரும் பார்க்கலாம் என்று விதி மாறியதும் தேடல்கள் சரிந்தன.

நமக்கு வரிப் பட்டியல் தேவைப்படவில்லை. புதுமனைப் புகுவிழா அழைப்பிதழ், கல்யாண மண்டபத்தின் அளவு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வரும் வெளிநாட்டுப் பயணம் எல்லாம் அந்த வேலையைச் செய்கின்றன. கென்யாவிலும் இதே முள் இருந்தது. பணம் கிடைக்காத பக்கத்து வீட்டுக்காரர்களின் வாழ்க்கைத் திருப்தி, மற்றவர்களுக்குக் கிடைத்ததைப் பார்த்துக் குறைந்தது. நாளாக ஆக அது மங்கிவிட்டது.

நாடு செழிக்கும்போது எல்லோரும் மகிழ்ச்சியாவார்களா என்ற கேள்விக்கும் இதுவே ஒரு விடை. ரிச்சர்ட் ஈஸ்டர்லின் 1974இல் இந்தப் புதிரை முன்வைத்தார்: ஒரு நாட்டுக்குள் பார்த்தால் வசதியுள்ளவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், ஆனால் அந்த நாடே பல ஆண்டுகளில் வசதியாகும்போது சராசரி மகிழ்ச்சி அதற்கேற்ப ஏறுவதில்லை. இதை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் பார்வையில் வசதிகளில் இரண்டு வகை உண்டு. குழாயில் நல்ல தண்ணீர், பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம், வீட்டுக்குள் கழிப்பறை ஆகியவை எல்லோருக்கும் வந்தாலும் அவற்றின் பயன் குறையாது. கார், கடிகாரம், மண்டபம் போன்றவை தரும் மகிழ்ச்சியில் பெரும்பங்கு மற்றவரிடம் இல்லாததால் வருவது. எல்லோரிடமும் வந்ததும் அது தீர்ந்துவிடும். முதல் வகைக்குச் செலவழிக்கும் அரசு தன் மக்களின் நிம்மதிக்குச் செலவழிக்கிறது.

கையில் இருப்பதை வைத்து

கானமன், கில்லிங்ஸ்வொர்த் ஆகியோரின் எண்களைக் கேட்டுவிட்டு, சரி, நான் என்ன செய்வது என்று கேட்கும் வாசகருக்கு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில இருக்கின்றன.

பொருள் வாங்குவதைவிட நேரத்தை மிச்சப்படுத்தச் செலவழிப்பது மனத்துக்கு நல்லது. கனடாவின் வான்கூவரில் வேலைக்குப் போகும் 60 பேருக்கு இரண்டு வார இறுதிகளில் தலா 40 டாலர் கொடுத்தார்கள். ஒரு வாரம் அதில் ஏதாவது பொருள் வாங்க வேண்டும், மறுவாரம் நேரத்தை மிச்சப்படுத்தும் ஏதாவது ஒன்றுக்குச் செலவழிக்க வேண்டும். நேரத்துக்குச் செலவழித்த நாளில்தான் அவர்கள் நன்றாக இருந்தார்கள். 2017இல் வந்த இந்த ஆய்வைப் படிக்கும்போது, நம் வீடுகளில் யாருடைய நேரம் செலவே இல்லாததாகக் கருதப்படுகிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. துணி துவைக்கும் இயந்திரம் ஆடம்பரம் என்று தள்ளிப்போடப்படும் வீட்டில், வருஷத்துக்கு ஒரு முறை கைபேசி மாறும். இயந்திரம் வந்தால் மிச்சமாவது அம்மாவின் நேரம் என்பதால்தான் அது ஆடம்பரமாகத் தெரிகிறது.

அடுத்தவருக்குச் செலவழிப்பதிலும் மகிழ்ச்சி இருக்கிறது. 2008இல் வந்த ஓர் ஆய்வில் காலையில் 5 அல்லது 20 டாலரைக் கையில் கொடுத்து, மாலைக்குள் சிலரைத் தங்களுக்கும் சிலரை மற்றவருக்கும் செலவழிக்கச் சொன்னார்கள். மற்றவருக்குச் செலவழித்தவர்கள் மாலையில் அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை பெரிதா சிறிதா என்பது வித்தியாசம் செய்யவில்லை. பின்னர் பெரிய எண்ணிக்கையில் செய்தபோது பலன் இதைவிடச் சிறிதாகவே வந்தது, ஆனாலும் வந்தது. கட்டாய மொய்யும் கௌரவச் சீர்வரிசையும் இந்தக் கணக்கில் சேருமா என்பது எனக்குச் சந்தேகமே. திரும்பி வர வேண்டிய கடனாக நோட்டில் எழுதிவைத்துக் கொடுப்பது கொடையாகாது.

எல்லாவற்றுக்கும் முந்தியது கடன். சிங்கப்பூரில் ஒரு தொண்டு அமைப்பு, நாள்பட்ட கடனில் சிக்கியிருந்த 196 ஏழைகளின் கடன்களை அடைக்க உதவியது. உதவிக்கு முன்னும் சில மாதங்கள் கழித்தும் அவர்களைச் சோதித்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. கடன் தீர்ந்தவர்களின் பதற்றம் குறைந்தது, யோசிக்கும் தெளிவு கூடியது. அதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. மொத்தம் எவ்வளவு பணம் அடைந்தது என்பதைவிட, எத்தனை கடன் கணக்குகள் முழுதாக மூடப்பட்டன என்பதே அதிக வித்தியாசம் செய்தது. ஒரே தொகையில் ஒரு பெரிய கடனின் பாதியை அடைத்தவரைவிட, மூன்று சிறிய கடன்களை அடியோடு தீர்த்தவரின் மனம் இலேசானது. ஒவ்வொரு கடனும், தொகை எவ்வளவாக இருந்தாலும், தனித் தேதியோடும் தனி முகத்தோடும் மனத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இதை அப்படியே எடுத்துச் செய்துவிடக் கூடாது, வட்டியையும் பார்க்க வேண்டும். கந்துவட்டியும் மீட்டர் வட்டியும் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் எந்தக் கணக்கும் பார்க்காமல் அதை முதலில் ஒழிக்க வேண்டும், மிரட்டினால் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். அடகுக் கடையில் அதிக வட்டிக்குக் கிடக்கும் நகையை வங்கியின் நகைக்கடனுக்கு மாற்ற முடிந்தால் அது அடுத்தது. வட்டி ஏறக்குறைய ஒன்றாக உள்ள கடன்கள் மட்டும் மிஞ்சும்போது, மளிகைக் கடை பாக்கி, சித்தப்பாவிடம் வாங்கிய கைமாற்று, குழுவின் கடைசி இரண்டு தவணை என்று சிறியவற்றை ஒவ்வொன்றாக முழுதாக முடிப்பது, பெரிய கடனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பதைவிட மேல். அவை தீர்ந்தபின் அந்தத் தவணைத் தொகையைச் செலவில் கலந்துவிடாமல் அஞ்சலகக் கணக்கிலோ வங்கியிலோ தனியாகப் போட்டு வந்தால், அடுத்த முறை பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது யாரிடம் கேட்பது என்று யோசிக்க வேண்டியிருக்காது.